உங்களுக்குத் தெரியுமா? பூங்குழலி யாருக்குச் சொந்தம்?

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலில் கோடிக்கரையில் படகோட்டிய பூங்குழலியை ஒரகடம் கார் ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்ணாக்கி, ஆண்டு விழாவில் நாடகம் போடலாமா? தாராளமாகப் போடலாம். யாருக்கும் பணம் கட்ட வேண்டாம், அனுமதியும் கேட்க வேண்டாம்.

கல்கி 1954-இல் மறைந்தார். எழுத்தாளர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும் என்கிறது இந்தியச் சட்டம். அந்தக் கணக்கு 2014 டிசம்பரோடு தீர்ந்தது. அதற்கு முன்பே தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆகவே அவர் கற்பனையில் பிறந்த பூங்குழலி, நந்தினி, ஆழ்வார்க்கடியான் மூவரும் இன்று பொதுச்சொத்து. ராஜராஜனும் குந்தவையும் வரலாற்று மனிதர்கள். அவர்களை யாரும் எப்போதும் எழுதலாம்.

ஆனால் ஒரு எல்லை உண்டு, பலர் தடுக்கி விழுவது அங்கேதான். பொதுவானது கல்கியின் எழுத்து மட்டுமே. அந்த நாவலை வைத்து மணிரத்னம் இயக்கி 2022-இல் வெளியான படத்தின் காட்சிகள், வசனம், ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்கள் எல்லாம் தனிப் படைப்புகள். திரைப்படத்துக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு; அதாவது 2082 முடியும் வரை. பிறர் செய்த மொழிபெயர்ப்புக்கும் வரைந்த ஓவியத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு.

ஷெர்லாக் ஹோம்ஸ் வழக்கில் 2014-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதே வழியில்தான் தீர்ப்புச் சொன்னது: உரிமை காலாவதியான கதைகளில் உள்ள ஹோம்ஸ் எல்லாருக்கும் பொது; பிந்தைய கதைகள் புதிதாகச் சேர்த்தவை மட்டும் அப்போது பாதுகாப்பில் இருந்தன.

நாடகம் எழுத உட்காரும் தோழர்களே, படத்தை ஓரமாக வைத்துவிட்டு நாவலைத் திறவுங்கள். அழைப்பிதழில் கல்கியின் பெயரை மறக்காமல் போடுங்கள்.