உங்களுக்குத் தெரியுமா? மனச்சிதைவு நோயும் பத்து மரபணுக்களும்

பிள்ளைக்கு மனச்சிதைவு நோய் வந்ததற்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்று மருத்துவர்களே நம்பிய காலம் உண்டு. 1948இல் மனநல மருத்துவர் ஃபிரீடா ஃபிரோம்-ரைக்மன் அப்படி எழுதியது, எத்தனையோ தாய்மார்கள் மீது வீண்பழியைச் சுமத்தியது.

ஆனால் இந்த நோயின் வேர் மரபணுக்களிலும் இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. 2022இல் 'ஸ்கீமா' என்ற பன்னாட்டுக் கூட்டு ஆய்வு, நோயாளிகள் 24,248 பேர், நோயில்லாதவர்கள் 97,322 பேர் என அத்தனை பேரின் மரபணுக்களில் புரதம் உருவாக்கும் பகுதிகளை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தது. பத்து மரபணுக்கள் பிடிபட்டன. அவற்றில் புரதத்தைப் பாதியில் அறுத்துவிடும் அரிய பிழை இருந்தால், நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது.

அந்தப் பத்தில் மிகவும் கவனிக்க வேண்டியது 'கிரின்2ஏ'. மூளை நரம்பணுக்கள் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வழியே பேசிக்கொள்கின்றன. அதை வாங்கிக்கொள்ளும் என்எம்டிஏ ஏற்பியின் ஒரு பாகத்தை உருவாக்குவது இந்த மரபணுதான். கெட்டமைன் மருந்து அதே ஏற்பியை அடைக்கும்போது, நலமாக இருப்பவருக்கும் சிறிது நேரம் மனச்சிதைவை ஒத்த அறிகுறிகள் தோன்றும். அதை வைத்து, இந்த ஏற்பியின் குறைபாட்டுக்கு நோயில் பங்கு இருக்கலாம் எனப் பல பத்தாண்டுகளாக இருந்துவந்த சந்தேகத்துக்கு மரபணுவிலேயே சான்று கிடைத்திருக்கிறது.

இந்த அரிய பிழைகள் மிகச் சிலரிடமே உண்டு. பெரும்பாலோரிடம் பொதுவாகக் காணப்படும் ஏராளமான சிறு மாற்றங்களும் வாழ்க்கைச் சூழலும் சேர்ந்தே நோய்க்கு வழிவிடுகின்றன. ஆகவே ஒற்றை ரத்தப் பரிசோதனையால் இந்த நோயை உறுதிசெய்ய முடியாது. முடியும் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

இந்தத் தேடலில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு: சென்னையின் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான 'ஸ்கார்ஃப்'பும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் இணைந்து, இந்த நோய் குறித்து இந்தியர்களிடம் நடத்திய மரபணு ஆய்வு 2019இல் வெளியானது.