எள்ளுருண்டை ஒன்னு 7 ரூபாய்: தானியமில்லா இனிப்புக்கு ஒரு வீட்டுக் கணக்கு

‘கிரெயின் ஃப்ரீ’ன்னு லேபிள் ஒட்டின லட்டு டப்பாவை அடுத்த தடவை கையில எடுத்தீங்கன்னா, விலையை உள்ளே இருக்கிற கிராமால வகுத்துப் பாருங்க. 20 கிராம் லட்டு ஒன்னுக்கு எவ்வளவு வருதுன்னு மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

தானியமில்லாததுன்னா அரிசி, கோதுமை மட்டுமில்ல, கேழ்வரகு, கம்பு, தினைகூட இல்லாதது. எள் எண்ணெய் வித்து. வேர்க்கடலை பயறுக் குடும்பம். தேங்காய் தானியமே இல்லை. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின கோவில்பட்டி கடலை மிட்டாய் வேர்க்கடலையும் வெல்லமும்தான். அதை யாரும் ‘கிரெயின் ஃப்ரீ’ன்னு சொல்லி விற்றதில்லை.

குளூட்டன் ஒத்துக்காத சீலியாக் நோய் இருக்கிறவங்க தவிர்க்க வேண்டியது கோதுமை, பார்லி, ரை. அரிசியிலயும் கேழ்வரகுலயும் குளூட்டன் கிடையாது. அதனால லேபிள்ல இருக்கிற ரெண்டு வார்த்தையையும் ஒன்னுன்னு நினைச்சுக் காசு கொடுக்காதீங்க.

இப்ப கணக்கு. விலை உதாரணத்துக்குத்தான், மணமேல்குடி கடைத்தெருவோ உங்க ஊரோ, அன்னைக்கு விலையைப் போட்டுக்கோங்க. கறுப்பு எள் அரை கிலோ, கிலோ 240 ரூபாய்னா 120. கருப்பட்டி கால் கிலோ, கிலோ 400-ன்னா 100. ஏலக்காய், கேஸ் 20. மொத்தம் 240 ரூபாய். எள்ளைப் படபடன்னு பொரியும் வரை வறுத்து, ஆறவிட்டு, துருவின கருப்பட்டியோட இடிச்சா எண்ணெய் விட்டுத் தானா உருட்ட வரும், பாகு வேண்டாம். மிக்ஸின்னா விட்டு விட்டுச் சுத்துங்க. இடிக்கிறதுல ஒட்டினது போக, 20 கிராம் உருண்டை 36 வரும். ஒன்னு 7 ரூபாய்க்குள்ள அடங்கிடுது.

வேர்க்கடலைல இன்னும் மலிவு. அரை கிலோ கடலை 75, கால் கிலோ வெல்லம் 18, கேஸ் 12, மொத்தம் 105. அதே 36 உருண்டை, ஒன்னு 3 ரூபாய். பூசணம் பிடிச்ச, கசக்கிற கடலையை மட்டும் பொறுக்கி எறிஞ்சிடுங்க, அதுல மிச்சம் பிடிக்காதீங்க.

பணத்தை விடப் பெரிய கணக்கு இனிமேதான். தானியம் இல்லைன்னா இனிப்பு இல்லைன்னு ஆகாது. கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாமே பெரும்பகுதி சர்க்கரைதான். ‘கருப்பட்டின்னா சுகர்காரங்க சாப்பிடலாம்’ங்கிறது நம்ம பக்கம் பரவிக் கிடக்கிற தப்பான நம்பிக்கை. உடன்குடி கருப்பட்டின்னாலும் அதேதான். சேர்க்கிற சர்க்கரை நாளுக்கு சுமார் 25 கிராமுக்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார அமைப்பு 2015-ல் சொன்னது. டீயில போடுறதும் இதுல சேர்த்திதான்.

எள்ளும் கருப்பட்டியும் சரிக்குச் சரி போட்டா 20 கிராம் உருண்டையில 10 கிராம் இனிப்பு, மூணு தின்னா 30. மேலே சொன்ன மாதிரி பாதிக்குப் பாதி போட்டா ஒன்னுல 7 கிராம், மூணுக்கு 21. ருசி பெருசா குறையாது, எள் மணம் கூடும். நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவுன்னு ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் சொல்லிச்சு. அவங்க வீட்டு பட்ஜெட்டுல மாசாமாசம் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு வரி தனியா ஓடுது. சுகர் இருக்கிறவங்க அளவை டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

கடையில வாங்கும்போது, டப்பாவுல உட்பொருட்களை எடை அதிகமானது முதல்ல வர்ற மாதிரிதான் அச்சடிக்கணும். முதல் ரெண்டு பேர்ல வெல்லமோ பேரீச்சம் சிரப்போ இருந்தா, லேபிள்ல என்ன எழுதியிருந்தாலும் அது இனிப்பு மூட்டைதான். சைடுல ஒன்னு: பேக் பண்ணி லேபிள் ஒட்டின வெல்லத்துக்கு 5% ஜிஎஸ்டி உண்டு, மளிகைக் கடையில லூஸா எடை போட்டு வாங்கினா கிடையாது.

கடலோரத்துல தென்னை இருக்கிறவங்க தேங்காய் உருண்டைதான் மலிவுன்னு நினைப்பீங்க. வீட்டுக் காய்னாலும், பச்சைத் தேங்காய்ல செஞ்சது ரெண்டு மூணு நாள்ல கெடும். 30 உருண்டையில 10 வீணானா ஒன்னோட அடக்கம் ஒன்றரை மடங்கு ஆகிடும். எள்ளுருண்டை ஈரமில்லாத டப்பாவுல ரெண்டு வாரம் தாங்கும்.

நல்லா வருதேன்னு அக்கம்பக்கம் விற்க நினைச்சா, வீட்டு அடுப்புல செஞ்சாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேணும். விலை போடும்போது உங்க ரெண்டு மணி நேர உழைப்பையும் அடக்கத்துல சேர்த்துக்கோங்க. எள், கடலை அலர்ஜி இருக்கிற பிள்ளைங்களுக்காக, உள்ளே என்ன இருக்குன்னு பாக்கெட்டுல பெரிய எழுத்துல எழுதி ஒட்டுங்க.