ஊரும் எண்ணும் – 9: தேடாதவர்கள் எங்கே?

அமெரிக்காவில் 16 முதல் 24 வயதுக்குள், படிப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் இருப்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், பலரும் முதலில் புரட்டுவது வேலையின்மைக் கணக்கைத்தான். அந்தக் கணக்கின் கண்ணுக்கு இவர்களில் பலர் தெரிவதே இல்லை. கடந்த 4 வாரங்களில் வேலை தேடியவர்தான் அதில் பொதுவாக வேலையற்றவர். தேடிச் சலித்து விட்டுவிட்டவர், கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் இளம்பெண், சிறையில் இருப்பவர் எல்லாரும் அதற்கு வெளியே. இவர்களைப் பிடித்துத் தருவது, ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குப் போகும் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பின் படிவம். கடந்த 3 மாதங்களில் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போனாரா, போன வாரம் சம்பளத்துக்கு வேலை பார்த்தாரா என்று அதில் கேள்விகள் இருக்கின்றன. சிறைகளும் விடுதிகளும்கூட அதில் சேர்த்தி. அந்த இரண்டு கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்ற பதில் வந்தவர்களை எண்ணித்தான் ‘மெஷர் ஆஃப் அமெரிக்கா’ ஆய்வுக்குழு, 2010-இல் இப்படிப்பட்டோர் சுமார் 58 லட்சம் என்று 2012-இல் அறிவித்தது. ஏழில் ஒருவர்!

நாட்டுச் சராசரியை வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் பயிற்சி மையம் திறப்பது? குறைந்தது ஒரு லட்சம் பேர் வாழும் வட்டாரங்களாகப் பிரித்து வரைபடத்தில் பார்த்தபோதுதான் விஷயம் புலப்பட்டது. ஒரே நியூயார்க் பெருநகரில், லாங் ஐலண்டின் ஒரு பகுதியில் இந்த விகிதம் 4 சதவீதத்துக்கும் குறைவு. தெற்கு பிராங்க்ஸின் ஒரு பகுதியில் மூன்றில் ஒருவருக்கும் மேல்.

மாதிரிக் கணக்கெடுப்பை நம்பி இவ்வளவு சின்ன இடத்தைப் பற்றிப் பேசலாமா என்பது நியாயமான கேள்வி. ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்தால் பிழை குறையும். ஆனால் முதலாண்டில் 20 வயதாக இருந்தவர், கணக்கு வெளிவருவதற்குள் 25-ஐத் தாண்டிவிடுவார். ஆகவே வரைபடம் இடத்தைத்தான் காட்டும், ஆளை அல்ல. ஆளைத் தேடிப் போய்க் கதவைத் தட்ட, அந்தப் பகுதியை அறிந்த களப்பணியாளர்தான் வேண்டும். இதைவிடக் கனமான ஆட்சேபம் வரலாற்றிலிருந்து வருகிறது. 1930-களில் அரசின் வீட்டுக்கடன் அமைப்பு, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை ‘அபாயகரமானவை’ என்று சிவப்பு பூசி வரைந்தது. அப்படிப்பட்ட இடங்களில் வீட்டுக்கடன் குதிரைக்கொம்பாகவே இருந்தது. அந்தத் தழும்பு இன்னும் ஆறவில்லை. அதனாலேயே, இன்றைய வரைபடத்தில் அடர்நிறம் விழும் இடத்துக்குப் பணம் போய்ச் சேருகிறதா என்பதைத்தான் உரைகல்லாகக் கொள்ள வேண்டும்.

அங்கேதான் இடிக்கிறது. 2014-ஆம் ஆண்டின் வேலைத்திறன் சட்டம், இளைஞர் நிதியில் 75 சதவீதத்தைப் பள்ளிக்கு வெளியே இருப்பவர்களுக்குச் செலவிடச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நிதியை மாநிலங்களுக்குப் பங்கிடும்போது மூன்றில் இரண்டு பங்கு, வேலை தேடுவோரை மட்டும் எண்ணும் அதே பழைய கணக்கின்படி போகிறது. மிச்சம் ஒரு பங்கு, ஏழை இளைஞர்களின் தொகைப்படி. தேடுவதை விட்டவர் நிறைந்த ஊருக்கு, அவர்கள் பேரில் வர வேண்டிய பணம் குறைகிறது. அந்த இரண்டு பங்கில் ஒன்றையாவது, படிப்பும் வேலையும் இல்லாத இளைஞர்களின் எண்ணிக்கையைக் கொண்டு பங்கிட வேண்டும். அதற்கான தரவை அந்நாட்டுக் கணக்கெடுப்பு அலுவலகமே திரட்டி வெளியிட்டுக்கொண்டிருக்கிறது.