கல்யாண வீட்டுச் சுண்ணாம்பு

ஹனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணத் தேதி குறித்தாயிற்று என்றால், பத்திரிகை அச்சடிப்பதற்கு முன்பே வெள்ளையடிக்கிற பேச்சு தொடங்கிவிடும். கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது இந்த ஊர். 1956 வரை கொள்ளேகாலம் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையில் மைசூரு மாவட்டத்துக்குப் போனது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதற்குள் வந்தது. அதனால் இந்த வட்டாரத்தில் வீட்டில் தமிழும் கடைவீதியில் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் நிறைய.

மண்டபம் பிடிக்காமல் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு, முடிந்ததை எல்லாம் நம் கையால் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் இப்போது மறுபடியும் கூடிவருகிறார்கள். கர்நாடகத்தில் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. கவிஞர் குவெம்பு, புரோகிதரும் வரதட்சணையும் ஆடம்பரமும் இல்லாத ‘மந்திர மாங்கல்யம்’ என்ற திருமண முறையை வகுத்து, தன் மகன் பூர்ணசந்திர தேஜஸ்வியின் கல்யாணத்தையே அந்த முறையில் நடத்திக் காட்டினார்.

அப்படி எளிமையாகக் கல்யாணம் செய்கிற வீட்டில் எதை நாமே செய்ய முடியும்? சுவருக்கு வெள்ளை, மாப்பிள்ளை பெண்ணுக்கு ஆரத்தி, வந்தவர்களுக்குக் குங்குமம், வெற்றிலை பாக்கு. இந்தப் பட்டியலில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே வெள்ளைப் பொருள் ஒளிந்திருக்கிறது. அதுதான் சுண்ணாம்பு. அதன் கதை ஒரு கல்லில் தொடங்குகிறது.

சுண்ணாம்புக்கல், கடற்கரைக் கிளிஞ்சல், வறண்ட காட்டில் மண்ணுக்கடியில் முண்டுமுண்டாகக் கிடைக்கும் சுக்கான் கல், இவை மூன்றுமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதாவது கால்சியம் ஆக்சைடும் கரியமில வாயுவும் கைகோத்து இறுகிய கல். காளவாயில் அடுக்கி ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டால் அந்தக் கைப்பிடி விட்டுப்போகிறது. கரியமில வாயு புகையோடு வெளியேறிவிடும். 100 கிலோ கல்லைச் சுட்டால் மிஞ்சுவது 56 கிலோதான். மீதி 44 கிலோ கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் கலந்துவிடுகிறது. உருவம் அப்படியே இருக்கும். கையில் எடுத்தால் தக்கை மாதிரி லேசாக இருக்கும். இதுதான் சுட்ட சுண்ணாம்பு.

மனிதன் இந்த வித்தையை எப்போது கற்றான் தெரியுமா? மேற்காசியாவில் மண்பானை சுடக் கற்பதற்கு முன்பே. ஜோர்டான் நாட்டில் ஐன் கசால் என்ற இடத்தில் 1983-இல் தோண்டி எடுத்த மனித உருவச் சிலைகள் சுண்ணாம்புச் சாந்தால் செய்தவை. அவற்றின் வயது ஏறத்தாழ 9,000 ஆண்டுகள்.

சுட்ட சுண்ணாம்பு தண்ணீருக்காகத் தவித்துக்கொண்டிருக்கும் பொருள். அதைத் தண்ணீரில் போட்டு நீற்றுகிறபோதெல்லாம் வேடிக்கை பார்க்கத் தெருப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். பாதியாக வெட்டிய இரும்பு டிரம்மில் தண்ணீர். அதில் கட்டிகளை ஒவ்வொன்றாகப் போடுகிறார்கள். முதல் ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு கட்டி விரிசல் விடும். ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம். அடுத்த கணம் டிரம் முழுக்கக் குமிழி எழும்பி, அடுப்பே இல்லாமல் தளதளவென்று கொதிக்கத் தொடங்கும். வெள்ளைக் குழம்பு வாயைத் திறந்து திறந்து மூடும். “டேய், தள்ளிப் போ! கண்ணுல தெறிச்சா பார்வை போயிரும்!” என்று பெரியப்பா யாராவது விரட்டுவார். அவர் சொல்வது முழு உண்மை.

இந்தச் சூடு எங்கிருந்து வந்தது? காளவாய் கொடுத்த வெப்பத்தில் ஒரு பங்கைச் சுட்ட சுண்ணாம்பு தனக்குள் முடிந்து வைத்திருந்தது. தண்ணீரோடு சேர்ந்ததும் அதை அவிழ்த்துவிடுகிறது. 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு வெளிவிடும் வெப்பம், 3 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அதனால்தான் பிளாஸ்டிக் வாளியில் நீற்றக் கூடாது என்பார்கள், வாளி இளகிவிடும். கட்டிமேல் தண்ணீரை ஊற்றவும் கூடாது. நிறையத் தண்ணீரில் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதே முறை. அப்போதுதான் அத்தனை தண்ணீரும் சூட்டைப் பங்கிட்டுக்கொள்ளும், தெறிப்பது குறையும்.

கொதி அடங்கியதும் கிடைப்பது நீற்றுச் சுண்ணாம்பு. வேதியியலில் இதன் பெயர் கால்சியம் ஹைட்ராக்சைடு. இதைத் தண்ணீருக்கடியில் மூடிவைத்தால் கெடாது; நாளாக ஆக மேம்படும். உள்ளிருக்கும் படிகங்கள் மெல்ல உடைந்து, பொடிப்பொடித் தகடுகளாகி, வெண்ணெய் போல் மழமழப்பாகின்றன. மூன்று வருஷம் ஊறாத சுண்ணாம்பைப் பயன்படுத்தக் கூடாது என்று பழைய ரோமாபுரிக் கட்டட விதி ஒன்று இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. சில வாரங்கள் முன்னதாக நீற்றி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்த அதிசயம் கரைசலில் இருக்கிறது. சர்க்கரை, உப்பு என்று நாம் பழகிய பொருள்களில் பல சூடான நீரில் கூடுதலாகக் கரையும். சுண்ணாம்பு நேர்மாறு. 1 லிட்டர் சாதாரணத் தண்ணீரில் 2 கிராம்கூடக் கரையாது. கொதிநீரில் அதில் பாதியும் கரையாது. இவ்வளவு கொஞ்சம் கரைந்தாலும் அந்தத் தண்ணீரின் காரத்தன்மை 12-ஐத் தாண்டிவிடும். 7 என்பது தூய நீர். 14 வரை போகும் அளவுகோலில் 12 என்றால் கடும் காரம். பூஞ்சையும் பல கிருமிகளும் அங்கே பிழைக்க முடியாது. வெள்ளையடித்த வீடு சுத்தமான வீடு என்ற நம்பிக்கைக்கு வேதியியல் ஆதாரம் இதுதான்.

சரி, மட்டையை எடுத்துச் சுவரில் இழுக்கலாம். முதல் இழுப்பில் ஏமாற்றமாக இருக்கும். ஈரத்தில் கண்ணாடி போலத்தான் தெரியும், அடியில் இருக்கும் பழைய கறை அப்படியே பல்லிளிக்கும். “பத்தலை, இன்னும் கெட்டியாக் கலக்கு” என்று தோன்றும். கலக்காதீர்கள். ஈரப் பூச்சில் துகள்களுக்கு நடுவே தண்ணீர் இருக்கிறது. வெளிச்சம் அதிகம் சிதறாமல் உள்ளே போய்விடுகிறது. காயக் காயத் தண்ணீர் இருந்த இடத்தில் காற்று நிரம்புகிறது. அப்போது ஒவ்வொரு துகள் விளிம்பிலும் வெளிச்சம் திசை மாறிச் சிதறும். சிதறல் கூடக் கூட வெண்மை கூடும். பால் பதத்தில் மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி. கெட்டியான ஒரே பூச்சு வெடித்து உதிரும்.

ஆனால் காய்வது பாதிக் கதைதான். உண்மையான வேலை பிறகு நடக்கிறது. காளவாயில் கல் இழந்த கரியமில வாயுவைச் சுவரில் இருக்கும் சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. எடுக்க எடுக்க மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது கல்லாக, மாறுகிறது. நாம் தூரிகையால் பூசியது பெயின்ட் இல்லை. சுவர்மேலேயே விளைகிற மெல்லிய கல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோ சுட்ட சுண்ணாம்பு முழுவதும் கல்லாக வேண்டுமானால் 8 கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயு தேவை. பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயர அறை ஒன்றின் காற்றில் இருக்கும் கரியமில வாயுவோ 20 கிராம் சொச்சம். 370 அறைகளின் காற்று வேண்டும்! கதவு சன்னலைச் சாத்திவைத்த வீட்டில் வெள்ளை கையில் ஒட்டிக்கொண்டே இருப்பது இதனால்தான். மனிதர்கள் இருந்தால் நிலைமை வேறு. ஒரு ஆள் ஒரு நாளில் ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயுவை மூச்சாக விடுகிறார். முன்கூட்டியே வந்து இறங்கும் அத்தை, சித்தப்பா, பிள்ளைகள் என்று எட்டுப் பேர் ஒரு நாள் விடும் மூச்சில் அந்தச் சுண்ணாம்புக்குத் தேவையான வாயு இருக்கிறது. அத்தனையும் சுவருக்குப் போகாது என்றாலும், கல்யாணக் கூட்டம் வீட்டுச் சுவரை இறுக்குவதில் ஒரு கை கொடுக்கிறது என்பது மெய். சுவர் லேசாக ஈரமாகவும் இருக்க வேண்டும். கரியமில வாயு தண்ணீரில் கரைந்துதான் சுண்ணாம்பைச் சேரும். அதனால்தான் அனுபவசாலிகள் பூசுமுன் சுவரை நனைப்பார்கள்.

இந்த வாயுவை உலகம் அடையாளம் கண்டதில் சுண்ணாம்புக்கும் பங்கு உண்டு. ஸ்காட்லாந்தின் வேதியியலாளர் ஜோசப் பிளாக் 1756-இல் வெளியிட்ட ஆய்வில், சுண்ணாம்பை விட்டுப் போய்த் திரும்பி வரும் ஒரு தனிக் காற்று உண்டு என்று காட்டினார். அதை நீங்களும் காட்டலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, தெளிவை மட்டும் டம்ளரில் இறுத்து, உறிஞ்சுகுழலால் மெதுவாக ஊதுங்கள், உறிஞ்சிவிடக் கூடாது. சற்று நேரத்தில் தெளிந்த நீர் பாலாகும். அது உங்கள் மூச்சில் பிறந்த சுண்ணாம்புக்கல்.

வெள்ளையில் நீலப்பொடி ஒரு சிட்டிகை போடுவதிலும் சூட்சுமம் உண்டு. சுண்ணாம்பில் இருக்கும் மெல்லிய மஞ்சள் சாயலை நீலம் சமன் செய்கிறது. கண் அதைக் கூடுதல் வெண்மையாகப் படிக்கிறது. கடும் காரத்திலும் நிறம் போகாத ‘அல்ட்ராமரீன்’ வகைப் பொடியே இதற்கு ஏற்றது. பழங்காலத்துக் கைக்கலப்புகளும் வெறும் நம்பிக்கை இல்லை. வெல்லம் சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரையவைக்கிறது. அரிசிக் கஞ்சியின் மாவுச்சத்து படிகங்களைச் சிறிதாகவும் நெருக்கமாகவும் வளரவைக்கிறது. சீனாவின் பழைய மதில்களில் ஒட்டரிசிக் கஞ்சி கலந்த சாந்து நூற்றாண்டுகளாக நிற்பதற்குக் காரணம் இதுவே.

சுவர் முடிந்தது. இனி ஆரத்தித் தட்டு. மஞ்சள் கரைத்த நீரில் ஒரு விரல் சுண்ணாம்பு போட்டதும் கண்ணெதிரே செக்கச்சிவந்துவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் அமிலத்திலும் வெறும் நீரிலும் மஞ்சளாக இருக்கும். காரம் பட்டால் அதன் மூலக்கூறு சில ஹைட்ரஜன்களை இழந்து, வேறு நிற ஒளியை விழுங்கத் தொடங்குகிறது. நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது. ஆரத்தி நீரில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். ரொம்ப நேரம் வைத்திருக்காதீர்கள். காரத்தில் குர்குமின் சீக்கிரம் சிதைந்து நிறம் மங்கிவிடும். மாப்பிள்ளை வாசலுக்கு வந்த பிறகு கரைப்பதே சரி.

குங்குமத்தின் சிவப்பு இன்னும் விசித்திரம். வீட்டில் செய்கிறவர்கள் விரலி மஞ்சளைச் சிறுதுண்டாக்கி, வெண்காரமும் படிகாரமும் தூவி, எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்தி இடிப்பார்கள். எலுமிச்சை அமிலம் ஆயிற்றே, மஞ்சள் மஞ்சளாகவே இருக்க வேண்டாமா? இங்கே வேலை செய்வது வெண்காரத்தில் உள்ள போரான் என்ற தனிமம். அமிலச் சூழலில் உலரும்போது அது குர்குமினோடு பிணைந்து சிவப்புச் சேர்மமாகிறது. குடிநீரில் போரான் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அளக்கும் ஒரு முறை இதே வினையை நம்பித்தான் இருக்கிறது. ஒரே மஞ்சளை ஒரு தட்டில் காரமும் இன்னொரு தட்டில் அமிலத்தோடு சேர்ந்த போரானும் சிவக்கவைக்கின்றன!

தாம்பூலத்திலும் சுண்ணாம்பின் வேலைதான். பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் காரத்தில் காற்றோடு வினைபுரிந்து வாயைச் சிவக்கவைக்கின்றன. மரியாதைக்குக் கையில் வாங்குவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துவிட்டது.

கடைசியாகப் பெண்ணின் புடவை. கொள்ளேகாலம் பட்டுக்குப் பேர்போன ஊர். சுற்றிலும் முசுக்கொட்டைத் தோட்டங்கள். பட்டுப்புழுக்கள் தோலுரிக்கத் தயாராகும்போது படுக்கையில் தூவுவதும் நீற்றுச் சுண்ணாம்புத் தூளைத்தான். மிச்ச இலையையும் ஈரத்தையும் அது உலர்த்துகிறது, நோயைத் தடுக்கிறது. புழுவைக் காத்த அதே சுண்ணாம்பு அது நூற்ற இழைக்கு ஆகாது. பட்டு ஒரு புரதம். கடும் காரம் பட்டால் இழை நைந்துபோகும். வெள்ளையடிக்கிற நாளில் பட்டுப்புடவை பெட்டிக்குள் இருக்கட்டும்.

இத்தனையையும் நீங்களே செய்யலாம். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் மட்டும் முயல வேண்டாம். சுண்ணாம்பு பிடித்துக்கொள்ள அங்கே நுண்துளை இருக்காது. மண்சுவரும் பழைய காரைச்சுவரும் இருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சு இல்லை. சுவரின் ஈரம் வெளியேற அது வழிவிடும். நீற்றும்போதும் அடிக்கும்போதும் கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். தாம்பூலத் தட்டில் இருக்கும் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். அழுத்தும்போது வெடித்துக் கண்ணில் தெறித்துப் பார்வை இழந்த பிள்ளைகள் உண்டு. தெறித்துவிட்டால் தேய்க்காமல், குறைந்தது கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.