தேன் பெட்டி வாங்குமுன் தேனீயின் ஊரைக் கேளுங்கள்!

காஞ்சிபுரம் பகுதியில் தென்னை, பூசணி, எள் சாகுபடி செய்யும் விவசாயிகள், காய்ப்பு கூடுவதற்காகத் தேன் பெட்டி வைக்க ஆர்வம் காட்டுகிறார்கள. வாங்கும்போது விலையைக் கேட்பவர்கள், உள்ளே இருப்பது எந்த ஊர்த் தேனீ என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீ எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மலையில் இருப்பது கருத்து, சற்றுப் பெரிதாக இருக்கும். சமவெளித் தேனீ மஞ்சள் கலந்து, சிறிதாக இருக்கும். 1988-ல் ருட்னர் என்ற ஆய்வாளர் நாக்கு, ரோமம், இறக்கை நரம்பு ஆகியவற்றின் அளவுகளைக் கொண்டு இதை நான்கு உட்பிரிவுகளாக்கினார். தென்னிந்தியத் தேனீ 'இண்டிகா' பிரிவில் வருகிறது. 2022-ல் கேரள ஆய்வாளர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் கருந்தேனீயை 'ஏபிஸ் கரிஞ்ஜோடியன்' என்ற தனி இனமாக அறிவித்தார்கள். தனி இனமா, உட்பிரிவா என்ற விவாதம் தொடர்கிறது.

இறக்கை நரம்பைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே அளந்துவிடலாம். அதைவிட நுட்பமானவற்றுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். உலர்த்திய தேனீயின் மேல், வெள்ளிச் சரிகைக்குத் தங்கம் ஏற்றுவதுபோல மெல்லிய தங்கப் பூச்சு கொடுத்து, காற்று நீக்கிய அறைக்குள் வைப்பார்கள். ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றை பாயும். உணர்கொம்பின் நுண்குழிகள், கொடுக்கின் முட்கள், ரோமத்தின் கிளைகள்கூடத் தெளிவாகத் தெரியும். ஆனால், ஒரே ஒரு தேனீயின் படத்தை வைத்து உட்பிரிவைச் சொல்லிவிட முடியாது. பல தேனீக்களின் அளவுகளும் மரபணுச் சோதனையும் சேர்ந்தால்தான் முடிவு உறுதியாகும்.

இதில் விவசாயிக்கு என்ன லாபம்? மலைக்குளிரில் பழகிய கூட்டம், காஞ்சிபுரத்துக் கோடை வெயிலில் பெட்டியை விட்டு ஓடிவிடலாம். கூட்டத்தோடு நோயும் பயணம் செய்யும். 1990-களின் தொடக்கத்தில் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் ஏராளமான தேனீக் கூட்டங்களை அழித்தது. இதற்கு மருந்து கிடையாது.

எனவே, அருகிலுள்ள சமவெளிப் பண்ணையில் வாங்குங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லி, புழு அறைகளைப் பாருங்கள். புழு தலையைத் தூக்கியபடி இறந்து, எடுத்தால் நீர் கோத்த பைபோல வந்தால், அந்தப் பெட்டி வேண்டாம். மேலும் விவரம் தேவைப்பட்டால், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையை அணுகலாம்.