பழைய மேசையில் வெண்வளையம் ஏன் படிகிறது?

பலாசு, இலந்தை முதலிய மரங்களின் சிறுகிளைகளில் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினைத் தூய்மைப்படுத்தி, ஸ்பிரிட் எனப்படும் எரிசாராயத்தில் கரைத்து, துணிப்பொதியால் மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்தேற்றுவதே பழைய தேக்கு, ஈட்டி மர மேசைகளில் காணப்படும் பிரெஞ்சு பாலிஷ். சூடான குவளை வைத்த இடத்தில் வெண்வளையம் தோன்றுவதற்கு மரம் பெரும்பாலும் காரணமன்று. ஏறத்தாழ 75 பாகை செல்சியசை நெருங்கும்போது இளகும் அரக்குப் படலம் ஈரத்தை உள்வாங்கிக்கொள்ள, அங்கே சிக்கிய நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் தெளிந்த பரப்பு வெளுத்துத் தெரிகிறது. ஸ்பிரிட்டில் இலேசாக நனைத்த துணியை ஓரிடத்தில் நிறுத்தாமல் மெல்ல ஓட்டினால், படலத்தின் மேற்பகுதி சற்றே கரைந்து, ஈரம் வெளியேறி, பிசின் மீண்டும் ஒன்றுகூடித் தெளிகிறது. புதிய பூச்சும் இதே காரணத்தால் பழையதோடு கரைந்து ஒரே படலமாகிவிடும். மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்து இறுகிய பாலியூரித்தேன் பூச்சுக்கு இந்த அரிய பண்பு இல்லை. மேசையின் அடிப்புறத்தில் ஒரு துளி ஸ்பிரிட் இட்டுப் பார்த்து, பிசுபிசுத்தால் அரக்கு என்று அறியலாம். நெடுங்காலம் முதிர்ந்த அரக்கு மட்டும் எளிதில் கரையாது. பல்லாண்டுகளாக ஒளியும் காற்றும் பட்டு ஆழ்ந்த மரநிறம் மேற்பரப்பில் மட்டுமே இருப்பதால், உப்புத்தாளைக் கையில் எடுப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.