தீராத முதுகு வலியா? இரத்தத்தைப் பரிசோதியுங்கள்



வீட்டுப் பெரியவர்களுக்கு முதுகு வலி என்றால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சாதாரண வலிதான். ஆனால் வாரக்கணக்கில் வலி தீராமல், கூடவே அசதி, இரத்தசோகை, உடல் மெலிவு, அடிக்கடி காய்ச்சல் இருந்தால், 'மைலோமா' என்னும் நோயாகவும் இருக்கலாம்.

மைலோமா என்றால் என்ன?

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்தம் ஊறுகிறது. அங்கே நோயை எதிர்க்கும் புரதத்தை உண்டாக்கும் அணுக்களும் உண்டு. அவை கட்டுக்கடங்காமல் பெருகுவதே மைலோமா. இது ஒருவகைப் புற்றுநோய். இது எலும்பை அரிக்கும், இரத்தத்தைக் குறைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெரும்பாலும் 60 வயதுக்கு மேல் வரும். 40, 50 வயதிலும் வருவதுண்டு. இது தொற்றுநோய் அல்ல. ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் ஹீமோகுளோபின், கால்சியம், கிரியேட்டினின் பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் இரத்தத்திலும் சிறுநீரிலும் வேண்டாத புரதம் உள்ளதா என்று சோதிப்பார்கள். கடைசியில், மரத்துப்போக ஊசி போட்டு, இடுப்பெலும்பிலிருந்து சிறிது மஜ்ஜை எடுத்துப் பார்ப்பார்கள். பயப்பட வேண்டாம்.

செய்யக் கூடாதவை

முதுகை மிதிக்கவோ அழுத்தி நீவவோ விடாதீர்கள். அரித்த எலும்பு முறிந்துவிடும். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள்; சிறுநீரகம் பழுதாகும். கால் மரத்தாலோ சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலோ அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிகிச்சை

நோயை அடியோடு போக்குவது கடினம். ஆனால் பலருக்குப் பல ஆண்டுகள் அடக்கி வைக்கலாம். போர்டிசோமிப் ஊசி, லெனாலிடோமைடு, டெக்சாமெத்தசோன் மாத்திரைகள் தருவார்கள். உடல் தாங்குபவர்களுக்கு அவர்களுடைய ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துத் திரும்பச் செலுத்துவதும் உண்டு. வலி குறைந்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

தம்பதியர் கவனத்திற்கு

கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையுடன் பிறந்தன. 1961-ல் ஜெர்மனியில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. லெனாலிடோமைடு அந்த இனத்து மருந்துதான். ஆகவே இதைச் சாப்பிடும் பெண் கர்ப்பம் தரிக்கவே கூடாது. சாப்பிடுபவர் கணவர் என்றால் ஆணுறை அவசியம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவரும் அணிய வேண்டும், ஏனெனில் விந்திலும் மருந்து கலக்கும். நிறுத்திய பிறகும் 4 வாரம் இதே கவனம் தேவை. இந்த மாத்திரையை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வலியைச் சுமந்துகொண்டு வீட்டிலேயே இருக்க விடாதீர்கள். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். சீக்கிரம் கண்டால் எலும்பும் தப்பும், சிறுநீரகமும் தப்பும்.